ஆவுடையம்மாள் வெட்டி ஒட்டிய எட்டு வரிகள்

அத்தியாயம் பதினேழு

கற்பூரத்தை ஏற்றிக் கையால் அணைத்துச் சொல்கிறோம்: இந்த அத்தியாயத்தில் வருவதெல்லாம் சத்தியம். ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைவில்லை. அந்த ஆனி மாத மழையில் மட்டாஞ்சேரி ரேஷன் கடையின் தராசுத் தட்டில் ஒரு கரிமீன் தானாக ஏறிப் படுத்ததும், கடைக்காரர் அதை நிறுத்துப் பார்த்து எடை போதாது என்று திருப்பி அனுப்பியதும்கூடச் சத்தியம்தான். சந்தேகம் இருப்பவர்கள் அந்த மீனையே விசாரித்துக்கொள்ளலாம்.

போன வாரம் நல்லசிவத்தை ஆலுவா ஆஸ்பத்திரி வாசலில், கையில் ஓர் அட்டையோடு, கொட்டுகிற மழையில் நிறுத்திவிட்டு வந்தோம். ஒரு வாரம் நனைந்தது போதும். வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவோம்.

அவனுடைய அம்மா ஆவுடையம்மாள் பேச்சை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகிறது. சென்ற ஆடியில் இளைய மகன் செல்லதுரை காணாமல் போனான். பத்தொன்பது வயது. படகுத்துறையில் அவனுடைய செருப்பு ஒற்றையாகக் கிடந்தது. இன்னொன்றும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை. செருப்பைக் கையில் வாங்கிய அன்றைக்கு வாயை மூடியவள்தான். மூன்று மாதமாக ஆலுவாவில், ஆற்றங்கரை மனநோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

அதற்கு முன்னால் அவள் மட்டாஞ்சேரியில் பேர்பெற்ற பொம்பிளை. பழைய பேப்பரில் பலசரக்குக் கடைகளுக்குப் பை ஒட்டிக் கொடுப்பாள். அவள் ஒட்டிய பைக்குள் ஒரு கிலோ மிளகையும் ஒரு பூனையையும் சேர்த்துப் போட்டால் பூனைதான் கிழியும் என்று பஜார் ரோட்டில் சொல்வார்கள். புருஷன் போனபிறகு மூன்று பிள்ளைகளும் வளர்ந்தது மைதாப் பசை வாடையில்தான்.

சாயங்காலமானால் பேப்பர் கட்டைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டு, ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாளாகப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவாள். தூத்துக்குடியில் திமிங்கலம் ஒன்று கரை ஒதுங்கியது. வயிற்றைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி மேளதாளத்தோடு இறங்கி வந்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் லேசான ஜலதோஷம். கோவில்பட்டிப் பக்கம் ஓர் எருமை பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று டெபாசிட்டை இழந்தது. மறுவாக்குப் பதிவு கேட்டிருக்கிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். மூவரும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தமிழ் எழுத்து அவர்களுக்கு எறும்பு ஊர்ந்த தடம்.

ஆஸ்பத்திரியிலும் அவள் கை சும்மா இருக்கவில்லை. அகப்பட்ட காகிதத்தையெல்லாம் பையாக மடித்தாள். கட்டிலில் தொங்கிய காய்ச்சல் அட்டையை மடித்தாள். டாக்டருடைய கல்யாணப் பத்திரிகையை மடித்தாள். வார்டில் கைவேலை சொல்லிக்கொடுக்கும் த்ரேஸ்யாம்மா சிஸ்டர் இதைப் பார்த்துவிட்டுப் பழைய தமிழ் பேப்பர் ஒரு கட்டு வாங்கி வரச்செய்தார். கத்தரிக்கோலையும் பசையையும் கூடவே வைத்தார். பை வேண்டாம், பிடித்த வார்த்தையை வெட்டி இந்த அட்டையில் ஒட்டுங்கள் என்று சைகையில் சொன்னார். வாயில் வராதது கத்தரிக்கோலில் வரும் என்பது அவர் கற்ற வைத்தியம். பெங்களூரில் ஊமைபோல் இருந்த ஒருவன் இப்படியே ஒட்டி ஒட்டி, கடைசியில் வக்கீலாகிவிட்டானாம்.

ஆவுடையம்மாள் எட்டுத் துண்டு வெட்டினாள். ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினாள். அந்த அட்டையைத்தான் சிஸ்டர் போன வாரம் நல்லசிவத்தின் கையில் கொடுத்தார். "அம்மச்சி உங்களுக்கு எழுதினதாணு," என்றார். சிஸ்டருக்குத் தமிழ் வாசிக்க வராது. அவனுக்கும் வராது.

வாசித்துச் சொல்ல ஆளா இல்லை மட்டாஞ்சேரியில்? இருந்தும் ஒரு வாரம் அட்டையை யாருக்கும் காட்டாமல், ஜூ டவுன் மிளகுக் கிடங்கில், தான் வாய் தைக்கும் சாக்குகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். காரணம் ஒன்று இருந்தது. அது அவனுக்கு மட்டுமே தெரியும்.

சென்ற ஆடியில், அந்த நாளில், அம்மா வீட்டில் இல்லை. மகள் மூக்கம்மாளின் பிரசவத்துக்குப் பள்ளுருத்தி போயிருந்தாள். நல்லசிவம் ஆறு மாதம் காலைப் பிடித்துத் தம்பிக்கு வாங்கிக்கொடுத்த கிடங்கு வேலையை, செல்லதுரை அன்றைக்கு மேஸ்திரியை அடித்துத் தொலைத்துவிட்டு வந்தான். விளக்கு வைக்கிற நேரம். நல்ல மழை. நல்லசிவம் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, தொறண்ணே. நனையுதேன்."

திறக்கவில்லை. கொஞ்ச நேரம் தட்டினான். பிறகு தட்டவில்லை.

மறுநாள் கேட்டவர்களிடமெல்லாம் நல்லசிவம் ஒரே பதில் சொன்னான்: அவன் வீட்டுக்கே வரவில்லை. அம்மாவிடமும் அதையே சொன்னான். அதைக் கேட்டபோது அவள் அவனை ஏறிட்டு ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று பதினோரு மாதமாக அவனுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? சாக்குத் தைக்கும்போது ஊசி உள்ளே போவது தெரியும், எங்கே வெளியே வரும் என்பது தெரியாது.

வியாழக்கிழமை. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நாள். மேஸ்திரியிடம் அரை நாள் சொல்லிவிட்டு, அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கல்யாணராமனின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஏறினான்.

கல்யாணராமன் பாலக்காட்டுக்காரர். ஆறு மெஷின் வைத்திருந்தார். அதில் நாலுக்கு எழுத்து விழாது, விழுகிற இரண்டிலும் பெண்பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத் தமிழர்களுக்கு வரும் கடிதங்களையெல்லாம் வாசித்துச் சொல்பவர் அவர்தான். கெட்ட செய்தி என்றால் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். ஆகவே அவர் துடைக்க ஆரம்பித்தாலே வந்தவர்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

அட்டையை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்தார்.

"யாருடா இதை ஒட்டினது?"

"அம்மா."

"உங்கம்மாவா! பை ஒட்டற ஆவுடையம்மாளா?" அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இது கவிதையாக்கும், கேட்டியோ. வெறும் கவிதை இல்லை, அசல். ஏய் குட்டிகளா, கொஞ்சம் தட்டறதை நிறுத்துங்கோ."

மெஷின்கள் நின்றன. மழை மட்டும் நிற்கவில்லை.

"சும்மா வாசிச்சுச் சொல்லுங்க சாமி. நான் ஆலுவா போணும்."

"சும்மா வாசிக்கப்படாதுடா. மெள்ள வாசிக்கணும்." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

காணவில்லை
பலத்த மழை
பருத்தி விதை
மூத்த மகன்
கதவு மூடப்பட்டது
தூத்துக்குடி
யார் பொறுப்பு?
தினமும் இரண்டு காட்சிகள்

வாசித்து முடித்துவிட்டு, தானே எழுதியதைப் போலத் தலையை ஆட்டினார்.

நல்லசிவம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "அஞ்சாவது என்ன சாமி?"

"கதவு மூடப்பட்டது."

"அது எதுல இருந்து வெட்டினது?"

"கிரகணத்தன்னிக்குக் கோயில் நடை சாத்தின நியூஸா இருக்கும். அதுவாடா முக்கியம்? ஏழாவது வரியை நோக்கு. யார் பொறுப்பு. அதை மட்டும் தலைகீழா ஒட்டியிருக்கா. ஏன்? சொல்லு பார்ப்போம்."

"தெரியாது சாமி."

"உலகமே கவிழ்ந்துபோச்சுன்னு அர்த்தம்! கேள்வி கேக்கறவளே தலைகீழா தொங்கறா. என்னமா யோசிச்சிருக்கா! நாப்பது வருஷமா நானும் எழுதறேன், ஒத்தை வரி இப்படி வந்ததில்லை."

"பருத்தி விதை எதுக்கு வந்திச்சு?"

கல்யாணராமன் ஒரு நிமிஷம் திணறினார். நாற்பது வருஷ அனுபவம் கைகொடுத்தது. "வெடிச்சுப் பறந்துபோறது இல்லையா பருத்தி? பிள்ளை பறந்துபோனான். விதை மட்டும் அவள்கிட்ட. தூத்துக்குடி, சமுத்திரம். சமுத்திரத்துக்குப் போயிட்டான்னு பறயறா."

எட்டு வரியில் நாலு வரிதான் நல்லசிவத்தின் காதில் ஏறியது. பலத்த மழை. மூத்த மகன். கதவு மூடப்பட்டது. யார் பொறுப்பு. எட்டாவது வரிக்கு அர்த்தம் சொல்ல அவர் வாயெடுத்தபோது அவனே சொன்னான்: "அது எனக்குத் தெரியும் சாமி." தினமும் இரண்டு காட்சிகள். ஒன்று தாழ்ப்பாள். இன்னொன்று செருப்பு. பதினோரு மாதமாக ஒரு நாளும் தவறாமல் நடக்கிறது.

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. செருப்பை வாங்கிய அன்றே தெரிந்திருக்கிறது. கேட்காமல் விட்டது அவனாகச் சொல்வான் என்றுதான்.

படியிறங்கும்போது பின்னாலிருந்து கல்யாணராமன் கத்தினார்: "அட்டையைப் பத்திரமா வைடா! நனைக்காதே!"

படகுத்துறையில் மூக்கம்மாள் காத்திருந்தாள். சிஸ்டர் ஓர் அட்டை கொடுத்தார் என்பதை மட்டும் அவளிடம் சொல்லியிருந்தான். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பள்ளுருத்தியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். குடையில் மூன்று கம்பி இல்லை. ஒரு வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தாள்.

"வாசிச்சாச்சா அண்ணே?"

"ஆங்."

"என்ன எழுதியிருக்கா?"

"பருத்தி விதைன்னு எழுதியிருக்கு."

"பருத்தி விதையா?" அவள் சிரித்துவிட்டாள். பதினோரு மாதத்தில் அவள் சிரித்ததை அவன் பார்த்ததில்லை. சிரிப்பு பாதியில் அழுகையாகத் திரும்பியது. "அம்மைக்கு மாடு கன்னுகூட இல்லியே அண்ணே. எதுக்குப் பருத்தி விதை? வேற ஒண்ணும் இல்லியா? என்னப் பத்தி ஒண்ணும் இல்லியா?"

"உன்னப் பத்தி என்ன இருக்கணும்?"

படகு வந்தது. எர்ணாகுளத்தில் இறங்கி, பஸ் பிடித்து, ஆலுவா போனார்கள். பக்கத்து சீட்டில் ஒரு சேட்டன், பெரியாறு இந்த வருஷம் ரயில்வே ஸ்டேஷனுக்குள் வந்து டிக்கெட் எடுத்துக்கொண்டு போயிற்று என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் கைவேலை அறையின் ஜன்னலோரம் ஆவுடையம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சுற்றிலும் பேப்பர் துணுக்கு. ஜன்னலுக்கு வெளியே ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் நிற்கவே இல்லை.

"நோக்கு அம்மச்சி, மக்கள் வந்நு," என்றார் த்ரேஸ்யாம்மா சிஸ்டர். நல்லசிவத்திடம் திரும்பினார். "வாசிச்சோ? நல்ல வார்த்தையாணோ?"

"ஆமா சிஸ்டர்."

"கண்டோ! ஞான் பறஞ்ஞில்லே? மனசு திறக்குந்நுண்டு. இனி நீங்களும் அம்மச்சிகிட்ட மனசு திறந்து பேசணும். கேட்டோ?"

சிஸ்டர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார்.

மூக்கம்மாள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அவள் மடியில் கிடந்த துணுக்குகளைப் பொறுக்கினாள். நல்லசிவம் நின்றுகொண்டே இருந்தான். சட்டைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். ஓரத்தில் எழும்பியிருந்த ஒரு துண்டைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டினாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா," என்றான். "வாசிச்சிட்டேன்மா. உனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆமாம்மா. நாந்தான்."

கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் வீட்டுக்கு வந்தான்மா. வரலன்னு சொன்னது பொய். நான் உள்ள இருந்தேன். தாழ்ப்பா போட்டது நாந்தான். தட்டினான். அண்ணே நனையுதேன்னான். கொஞ்சம் நனையட்டும், புத்தி வரட்டும்னு இருந்தேன். பெறவு தட்டல. போயி சாயா குடிச்சிட்டு வருவான்னு நெனச்சேன்மா. சத்தியமா வருவான்னுதான் நெனச்சேன்."

மூக்கம்மாளின் கையிலிருந்த துணுக்குகள் கீழே விழுந்தன.

"என்னண்ணே சொல்லுத?"

அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு அறை. ஒரு திட்டு. காறித் துப்பினாலும் போதும். பதினோரு மாதத்தில் அவன் வேண்டியது அது ஒன்றைத்தான்.

"ஏ அண்ணே, உன்னத்தான். வந்தானா? வீட்டுக்கு வந்தானா?"

"வந்தான்."

மூக்கம்மாள் எழுந்தாள். "அன்னைக்கு நாந்தான அம்மைய கூப்பிட்டேன். வலி எடுக்குதுன்னு ஆளுவிட்டு நாந்தான கூப்பிட்டேன். அம்மை வீட்டுல இருந்திருந்தா அவன் போயிருக்க மாட்டான்னு பதினோரு மாசமா தலைல அடிச்சிக்கிட்டேன். எம் புள்ளைய மடியில போட்டுக்கிட்டு, ஏன்டா பொறந்தேன்னு அதுகிட்ட கேட்டேன் அண்ணே. பச்சப்புள்ளகிட்ட. நீ வந்து பக்கத்துல உக்காந்து, அழாத மூக்கு, உன் தப்பு இல்லன்னு சொன்னியே. சாயா வாங்கிக்கொடுத்தியே. தெரிஞ்சுக்கிட்டேதான சொன்ன?"

"மூக்கு..."

"கூப்பிடாத."

வார்டில் யாரோ ஒருத்தி சிரித்தாள். வேறு யாரும் திரும்பவில்லை. அங்கே அது வழக்கம்.

அப்போதுதான் கத்தரிக்கோல் நின்றது. ஆவுடையம்மாள் தலையைத் தூக்கி மூத்த மகனைப் பார்த்தாள். சென்ற ஆடியில் பார்த்த அதே பார்வை. குனிந்து, மடியில் கிடந்த தாளில் எதையோ தேடினாள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள். எடுத்தாள். வேறோர் இடத்தில் வைத்தாள். மெதுவாக, ஓரம் கோணாமல், ஒரே ஒரு துண்டை வெட்டினாள். அவன் கையை இழுத்து, உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். மூடிய கையை ஒரு தட்டுத் தட்டினாள். தட்டினாளா, தள்ளினாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கையைத் திறந்து பார்த்தான். விரல்நீளத் துண்டு. கறுப்பு எழுத்து, பெரிசு. என்ன எழுதியிருக்கிறது? மன்னிப்பா, சாபமா, ரயில் நேரமா? மூக்கம்மாளிடம் நீட்டினான். எழுத்து அவளுக்கும் எறும்புத் தடம்தான் என்பது அந்த நிமிஷத்தில் அவனுக்கு நினைவில்லை.

அவள் பார்க்கவில்லை. "என்ன எழுதியிருந்தா என்ன? அம்மை உன்ன மன்னிச்சாக்கூட நான் மன்னிக்க மாட்டேன். இனி வியாழக்கிழமை நான் வாரேன். நீ வராத." கம்பியில்லாத குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அம்மாவின் கால்மாட்டில் கிடந்த துணுக்குகளையெல்லாம் கூட்டி முந்தானையில் முடிந்துகொண்டு, மறுபடி போனாள். அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

நல்லசிவம் தனியாகத் திரும்பினான். பஸ்ஸில் வலது கையைத் திறக்கவில்லை. எர்ணாகுளம் துறையில் இடது கையால் டிக்கெட் வாங்கினான். படகில் ஒருவர், "கையில எந்தா சேட்டா, முறிவா?" என்று கேட்டார். ஆமாம் என்றான். மழைச்சாரல் முழுக்க அந்தப் பக்கமே அடித்தது. மூடிய விரல்களுக்குள் காகிதம் கூழாகிக்கொண்டிருப்பது தெரிந்தது. திறந்தால் நனையும், திறக்காவிட்டால் கரையும். கல்யாணராமன் ஐந்து மணிக்கு இன்ஸ்டிடியூட்டைப் பூட்டிவிடுவார். மணி நாலே முக்கால். படகு நடுக்காயலில், இன்ஜின் இருமி இருமி, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் மிதந்தது.

அந்த ஒற்றைச் சொல் அழியாமல் கரை சேர்ந்தால் போதும் என்று அவன் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கும்பிட்டான்.

ஆலுவா ஆஸ்பத்திரியின் சேர்க்கைத் தாளில், ஆவுடையம்மாள் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் இருப்பது பெருவிரல் ரேகை; அவளுக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது.